கொழும்பில் நல்ல பேக்கரியைத் தேடிப் பிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கொழும்புக்கு வருகிற உறவினரும் நண்பர்களும் தவறாமல் கேட்கிற கேள்வி: "இங்கே நல்ல பேக்கரி எது?" இதற்கு ஒரே கடையின் பெயரைப் பதிலாகச் சொல்ல முடியாது. மீன் பணிஸுக்குப் பெயர் போன கடையில் கேக் வெறும் சீனியாக இருக்கும். எக்லயர் அருமையாகச் செய்கிற கடையில் பாண் காலையில் வந்து இரவு வரை கண்ணாடி அலுமாரிக்குள் கிடக்கும். காலை பதினொரு மணிக்குச் சப்பென்று இருந்த ரோல்ஸ், அதே கடையில் பின்னேரம் நாலு மணிக்கு வாயைச் சுடச் சுட அமிர்தமாக இருக்கும்.

ஆகவே இங்கே "சிறந்த பத்துக் கடைகள்" என்று பட்டியல் போடவில்லை. போறணையில் (பாண் சுடும் அடுப்பில்) நிற்பவர் மாறினால் ருசியும் மாறிவிடும், பட்டியல் அப்படியே நிற்கும். எந்தப் பண்டத்துக்கு எந்தக் கடை, அதுவும் எத்தனை மணிக்கு என்று தெரிந்துவிட்டால் போதும், கொழும்பின் எந்த மூலையில் தங்கினாலும் நல்லதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையகத்திலிருந்தும் அலுவலாக வருகிறவர்களையும், விடுமுறைக்கு வருகிற புலம்பெயர்ந்தவர்களையும், தமிழ்நாட்டிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: முதலில் பண்டங்களை அறிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. இங்கே பாண் என்றால் பிரெட், பணிஸ் என்றால் பன், மரக்கறி என்றால் காய்கறி. இந்த மூன்றும் தெரிந்தால் தமிழ்க் கடைகளில் தடுமாற்றம் இராது.

எல்லாவற்றுக்கும் அடி பாண்தான். "ஒரு றாத்தல் பாண்" என்று கேட்டால் கிடைப்பது 450 கிராம் நிறையுள்ள முழுப் பாண், அரை றாத்தல் 225 கிராம். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை 2024இல் இந்த நிறைகளை வர்த்தமானி மூலம் கட்டாயமாக்கியது. சாதாரணப் பாண் பக்கத்துப் பாணோடு ஒட்டிக்கொண்டு வேகும். பிரித்தெடுக்கும்போது பக்கங்கள் நார் நாராக உரிந்து வரவேண்டும், தூளாக உதிரக்கூடாது. றோஸ் பாண் தனியாகத் தட்டையாக வேகுவதால் எல்லாப் பக்கமும் மொறுமொறுவென்று இருக்கும். அச்சுப் பாண் சான்ட்விச்சுக்கு. மூன்றில் ஒன்றைத்தான் சாப்பிட நேரம் இருக்கிறது என்றால் றோஸ் பாணைச் சாப்பிடுங்கள், அதுவும் கட்டைச் சம்பலோடு (காய்ந்த மிளகாயும் வெங்காயமும் சேர்த்து இடித்தது).

கோதுமை இலங்கையில் விளைவதில்லை. இறக்குமதியாகும் கோதுமை திருகோணமலை சீனக்குடாவில் உள்ள பிரிமா ஆலை போன்ற ஒன்றிரண்டு பெரிய ஆலைகளில்தான் மாவாகிறது. அதாவது, ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்கும் தெருமுனைப் பேக்கரிக்கும் மா ஏறக்குறைய ஒன்றே. வித்தியாசமெல்லாம் மாவை எவ்வளவு நேரம் புளிக்க விட்டார்கள், போறணை எவ்வளவு சூடு, போட்டது பட்டரா மாஜரினா என்பதில்தான் இருக்கிறது. விலை கூடிய கடைதான் நல்ல கடை என்ற எண்ணத்தைப் பேக்கரி விஷயத்தில் முதலிலேயே விட்டுவிடலாம்.

அடுத்தது பணிஸ். இதில் ராஜா என்றால் மீன் பணிஸ்தான், சிங்களத்தில் மாலு பாண். முக்கோண வடிவில், உள்ளே மீனும் உருளைக்கிழங்கும் மிளகும் கறிவேப்பிலையும் சேர்ந்த கறி. ஒரு பேக்கரியை எடை போட எனக்கு இதைவிடச் சிறந்த பண்டம் தெரியாது. பாண் செய்யும் கையும் கறி சமைக்கும் கையும் இரண்டும் இதில் தெரிந்துவிடும். வாங்கியவுடன் கடிக்காமல் நடுவில் பிய்த்துப் பாருங்கள். கறி மூன்று மூலைக்கும் எட்டியிருக்கிறதா, அல்லது நடுவில் ஒரு சிறு உருண்டையாக ஒதுங்கியிருக்கிறதா? மீன் நார் கண்ணுக்குத் தெரிகிறதா, வெறும் கிழங்கு மசியலா? அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். பொன் நிறமாக, காய்ந்து இருந்தால் சரி. ஈரமாக, வெளிறி, விரலில் ஒட்டினால் கறியை ஆறவிடாமல் உள்ளே வைத்துவிட்டார்கள், அல்லது போறணை சூடேறுமுன் தட்டைத் தள்ளிவிட்டார்கள். கடைசியாக வாசம். கறிவேப்பிலையும் மிளகும் முன்னுக்கு வரவேண்டும். மீன் வெடுக்கு முன்னுக்கு வந்தால் அந்தக் கடையில் மீன் சேர்ந்த வேறெதையும் வாங்காதீர்கள்.

கிம்புலா பணிஸ் முதலை வடிவில் நீளமாக, மேலே சீனி தூவி வரும். பிளேன்ரீயில் (பால் சேர்க்காத தேநீரில்) தோய்த்துச் சாப்பிட வேண்டியது. நல்ல கிம்புலாவில் சுருட்டிய படைகள் தெரியும், நுனி மொறுமொறுப்பாக இருக்கும். சீனிச்சம்பல் பணிஸ் இனிப்பும் உறைப்புமாக வெங்காயம் வதக்கி உள்ளே வைத்தது. பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை) போட்ட ரீ பணிஸ் எளிமையானது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

அப்புறம் சோர்ட் ஈட்ஸ், அதாவது கையில் எடுத்துச் சாப்பிடும் சிற்றுண்டிகள். ரோல்ஸ் என்பது மெல்லிய அப்பத்தில் கறியை வைத்துச் சுருட்டி, ரஸ்க் தூளில் புரட்டிப் பொரித்தது. பற்றிஸ் பிறை வடிவில் பொரித்தது. கட்லட் மீனும் கிழங்கும் சேர்த்த உருண்டை. பேஸ்ட்ரி மட்டும் பொரிக்காமல் போறணையில் படைபடையாக வேகுவது. இந்த நாலையும் எல்லாக் கடையிலும் காணலாம், ஆனால் நாலையும் நன்றாகச் செய்யும் கடை அரிது.

கேக் வகைகளில் பட்டர் கேக், ரிப்பன் கேக், எக்லயர் எல்லாம் தினசரிப் பண்டங்கள். லவ் கேக்கும் புரூடரும் வேறு ரகம், அவற்றுக்குப் பின்னால் வருகிறேன்.

படி 2: நேரத்தைத் தேடுங்கள்

பேக்கரி விஷயத்தில் பாதி வெற்றி மணிக்கூட்டில் இருக்கிறது. கொழும்பில் பண்டங்கள் நாள் முழுக்க ஒரே சீராக வெளியே வருவதில்லை.

காலை ஆறு முதல் எட்டு வரை பாண், பணிஸ். அலுவலகம் போகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வாங்கிப்போகும் நேரம். மீன் பணிஸை இந்த நேரத்தில் அல்லது பின்னேரம் வாங்குங்கள், மத்தியானத்தில் வாங்காதீர்கள். காலை பத்து, பதினொரு மணிக்கு மேல் கேக் கடைகளில் புதிய கேக்குகள் அடுக்கப்பட்டிருக்கும். மத்தியானம் ஒரு மணி முதல் மூன்று மணி வரை பேக்கரி பக்கம் போகாமல் சோறு சாப்பிடுங்கள்.

பின்னேரம் மூன்றரை முதல் ஐந்தரை வரைதான் பொன்னான நேரம். வெள்ளவத்தையில் நடுத்தரமான ஒரு பேக்கரியின் முன் நாலு மணிக்கு நின்று பாருங்கள். அதுவரை ஈயோட்டிக்கொண்டிருந்த கடையில் திடீரென்று ஆட்கள் சேர்வார்கள். ஒருவர் உள்ளேயிருந்து அலுமினியத் தட்டைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வருவார். கண்ணாடிக்குள் வைக்கக்கூட நேரம் இராது, தட்டிலிருந்தே பைகளுக்குள் போகும். ரியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள், வேலை முடிந்து பஸ்ஸால் இறங்குகிறவர்கள், பிள்ளைகளை ஏற்றப் போகும் தாய்மார், கடை மூடாமல் ஓடி வந்த பக்கத்துக் கடைக்காரர். அந்தத் தட்டில் இருப்பது என்னவோ, அதுதான் அந்தக் கடையின் பலம். நீங்கள் நினைத்து வந்தது வேறாக இருந்தாலும் அதையே வாங்குங்கள்.

மாலை ஆறரைக்கு மேல் இரவுப் பாண். இங்கே பல வீடுகளில் இரவுச் சாப்பாடு பாணும் பருப்பும், அல்லது பாணும் சம்பலும்தான். அதனால் சூட்டுப் பாணுக்கு அந்த நேரத்தில் வரிசை நிற்கும். கையில் பிடிக்க முடியாத சூட்டில் றோஸ் பாண் வேண்டுமென்றால் இதுதான் வேளை.

நாட்களையும் கவனியுங்கள். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஏப்ரல் 13, 14ஆம் திகதிகளுக்கு முன்னும் பின்னும், பேக்கரிகளில் வேலை செய்பவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். கடைகள் நாட்கணக்கில் பூட்டிக் கிடக்கும். அந்த வாரத்தில் பேக்கரி தேடி வராதீர்கள். ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டையின் மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் பூட்டு என்பதால் அந்தப் பக்கத்துச் சிறு கடைகளிலும் பண்டம் குறைவு. இதற்கு மாறாக, டிசம்பர் மாதம் கொழும்பின் கேக் மாதம்.

படி 3: எந்தப் பகுதிக்கு எதற்காகப் போவது

காலி வீதியை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். கோட்டையிலிருந்து கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை என்று நேர்கோடாகப் போகிறது. 100, 101 இலக்க பஸ்கள் இந்த வழியாகத்தான் ஓடுகின்றன. கடற்கரையோர ரயிலும் இதே இடங்களில் நிற்கும். ஓட்டோ என்றால் மீற்றர் போடச் சொல்லுங்கள், அல்லது பிக்மீ செயலியில் கூப்பிடுங்கள்.

வெள்ளவத்தை தமிழ் பேசி வாங்கக்கூடிய பகுதி. சவோய் தியேட்டரிலிருந்து சந்தை வரைக்கும் காலி வீதியின் இரு பக்கமும், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளிலும் சிறு பேக்கரிகளும் சைவக் கடைகளும் நெருக்கமாக இருக்கின்றன. யாழ்ப்பாணத்து ருசியில் உறைப்புக் கூடிய ரோல்ஸ் வேண்டுமென்றால் இங்கே தேடுங்கள். பெயர்ப்பலகை பெரிதாக இருக்கும் கடையை விட, உள்ளே போறணை உள்ள கடைதான் முக்கியம். வாசலில் நிற்கும்போதே சூடு முகத்தில் அடிக்கும், அதிலேயே தெரிந்துவிடும். வாங்கிக்கொண்டு மரைன் டிரைவுக்கு இறங்கினால் கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடலாம். கொழும்பில் எனக்கு மிகப் பிடித்த சாப்பாட்டு மேசை அந்தக் கடலோரக் கட்டுத்தான்.

கொள்ளுப்பிட்டியில் பழைய பாணிக் கடைகளைப் பார்க்கலாம். கிறீன் கெபின் காலி வீதியில் பல தலைமுறைகளாக நடக்கும் உணவகம், சோர்ட் ஈட்ஸுக்கும் கேக்குக்கும் போகலாம். அதே வீதியில் தி ஃபப் இருக்கிறது, கிறீம் கேக்குக்கும் எக்லயருக்கும் பெயர் போனது. இந்த இரண்டு கடையிலும் வீட்டுக்கு வாங்கிப்போக வருகிறவர்கள்தான் அதிகம், அதனால் பண்டம் தேங்குவதில்லை.

பெரேரா அண்ட் சன்ஸ் 1902இல் தொடங்கிய நிறுவனம். இன்று நகரின் எந்தச் சந்தியிலும் அதன் கிளை ஒன்று கண்ணில் படும். பான் பான், சென்சால் போன்றவையும் இதுபோலக் கிளைகள் உள்ளவை. கிளைக் கடைகளை ஒதுக்க வேண்டாம். காலையில் அவசரமாகப் பஸ் ஏற வேண்டியவருக்கும், பிள்ளைகளோடு வருகிறவருக்கும், சுத்தமான கழிப்பறை தேடுகிறவருக்கும் இவை பெரிய உதவி. ஆனால் பெரிய கிளை நிறுவனங்களின் பண்டம் பெரும்பாலும் ஓரிடத்தில் செய்து வண்டியில் வருவது. உங்கள் தெருக் கிளைக்கு வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டுவிட்டால், அந்த நேரம்தான் உங்கள் நேரம்.

துன்முல்லைச் சந்தியில் இருக்கும் டச்சு பேகர் யூனியன் 1908இல் தொடங்கிய பறங்கியர் சங்கம். பறங்கியர் என்றால் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) போன்ற ஐரோப்பியர் வழிவந்த இலங்கையர். அங்கே உள்ள விஓசி கஃபேயில் பறங்கியர் வீட்டுப் பண்டங்கள் கிடைக்கும். ஒல்லாந்தர் 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றினார்கள், 1796இல் ஆங்கிலேயர் வந்தார்கள். ஒல்லாந்தர் போய்விட்டாலும் அடுப்படியில் விட்டுப்போனது இன்னும் இருக்கிறது. புரூடர் என்பது முட்டையும் பட்டரும் பிளம்ஸும் சேர்த்து ஈஸ்டில் பொங்க வைத்து, நெளிவுள்ள அச்சில் சுடும் ஒல்லாந்தர் வழிப் பண்டம். நத்தாருக்கும் (கிறிஸ்துமஸுக்கும்) புதுவருடத்துக்கும் பட்டர் பூசி, ஈடம் சீஸ் துண்டோடு சாப்பிடுவார்கள். லம்பிறைஸ் பேக்கரிப் பண்டம் அல்ல, வாழையிலையில் சோறும் கறிகளும் கட்டிப் போறணையில் வேகவைத்தது. ஆனாலும் அங்கே போய் அதைச் சாப்பிடாமல் திரும்பாதீர்கள்.

இன்னும் சாவகாசமாக, செலவைப் பார்க்காமல் ஒரு பின்னேரம் கழிக்க வேண்டுமென்றால் 1864இல் கட்டிய காலிமுக ஹோட்டலின் வராந்தாவில் தேநீர் விருந்து இருக்கிறது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் அலுவலகமாக இருந்த இடத்தில் நடக்கும் கலரி கஃபேயில் கேக்குகளுக்காகவே ஆட்கள் வருகிறார்கள். இப்படியான இடங்களில் மெனுவில் போட்ட விலையோடு 10 வீதம் சேவைக் கட்டணமும் வரியும் சேரக்கூடும், உட்காருமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

புறக்கோட்டை, மருதானைப் பக்கம் முஸ்லிம் கடைகள் நிறைய. ஆட்டிறைச்சி ரோல்ஸ், சமோசா, கோழிப் பற்றிஸ் எல்லாம் அங்கே நன்றாக இருக்கும். நோன்பு மாதத்தில் பின்னேரம் ஐந்து மணிக்குப் போனால் நடைபாதை முழுவதும் தட்டுகள்தான். கூட்டத்துக்குப் பயப்படாதவர்கள் கட்டாயம் போக வேண்டிய நேரம் அது.

படி 4: ஃபோனை எப்படிப் பயன்படுத்துவது

கூகுள் வரைபடத்தில் நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டாம், திகதியைப் பாருங்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் மாவும் காஸும் கிடைக்காமல் பல பேக்கரிகள் பூட்டின. அதற்கு முந்திய பாராட்டுகளை நம்பி ஓட்டோ ஏறாதீர்கள். கடைசி மூன்று மாதக் கருத்துகளில் ஒரே பண்டத்தின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். "எல்லாம் நல்லா இருக்கு" என்று எழுதியவற்றால் பயனில்லை. வாடிக்கையாளர் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், வெட்டிய கேக்கின் உள்பக்கம், பிய்த்த பணிஸின் உள்பக்கம் தெரியும் படங்கள்தான் உண்மை சொல்லும்.

பிக்மீ ஃபூட், ஊபர் ஈட்ஸ் இரண்டிலும் கடையின் விலைகளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் சோர்ட் ஈட்ஸை அவற்றில் வரவழைக்காதீர்கள். மூடிய பெட்டிக்குள் இருபது நிமிடம் இருந்தால் எந்த ரோல்ஸும் வியர்த்து நமத்துவிடும்.

ஃபோனை விட நல்ல வழி ஒன்று உண்டு. நீங்கள் தங்கும் இடத்தின் வாசலில் நிற்கும் ஓட்டோக்காரரிடமோ எதிர்க் கடைக்காரரிடமோ கேளுங்கள், ஆனால் "நல்ல பேக்கரி எது" என்று கேட்காதீர்கள். "அண்ணை, வீட்டுக்குப் பாண் எங்கே வாங்குவீங்கள்?" என்று கேளுங்கள். வெளியூர்க்காரருக்குச் சொல்லும் கடை வேறு, வீட்டுக்கு வாங்கும் கடை வேறு.

படி 5: வாசலில் நின்று பார்க்க வேண்டியவை

கண்ணாடி அலுமாரி நிறைந்திருப்பது நல்ல அறிகுறி என்று நினைக்கிறோம். பின்னேரம் ஐந்தரைக்கு அது பாதி காலியாக இருந்தால்தான் நல்லது. ரோல்ஸ் ஒன்றுக்கொன்று சிறிது நிறம் வேறுபட்டிருந்தால் சிறிது சிறிதாகப் பொரிக்கிறார்கள் என்று அர்த்தம். எல்லாம் ஒரே கரும் பழுப்பு என்றால் எண்ணெய் பழசு. அடியில் விரித்த தாளைப் பாருங்கள். எண்ணெய் ஊறித் தாள் கண்ணாடி போல ஆகிவிட்டால் அந்தப் பண்டங்கள் அங்கே கனநேரமாக இருக்கின்றன. இடுக்கியால் எடுக்கிறார்களா, காசு வாங்கும் கையாலேயே எடுக்கிறார்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான், இதற்கு மேல் வாசலில் நின்று யோசிக்க ஒன்றும் இல்லை.

படி 6: கேட்டு வாங்கும் முறை

பழைய பாணிக் கடையில் உட்கார்ந்தால், நீங்கள் கேட்காமலே ஒரு தட்டில் ரோல்ஸ், கட்லட், பற்றிஸ், பணிஸ் என்று கலந்து கொண்டுவந்து வைப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துத் திடுக்கிடுவதுண்டு. பயப்பட ஒன்றுமில்லை. சாப்பிட்டதற்கு மட்டும் காசு, மிச்சத்தை எடுத்துக்கொண்டு போவார்கள். தொடாததைத் தொடாமல் விடுவது மரியாதை. தட்டு முழுவதையும் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றை எடுப்பது நன்றாக இராது. அந்தத் தட்டு ஏற்கெனவே வேறு மேசைக்குப் போய் வந்திருக்கலாம் என்று தயக்கமாக இருந்தால், "சூடாக இரண்டு ரோல்ஸ் மட்டும் தாங்கோ" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சிங்களக் கடைகளில் நாலைந்து சொற்கள் தெரிந்தால் போதும். "உணு பாண் தியெனவத?" என்றால் சூட்டுப் பாண் இருக்கிறதா என்று அர்த்தம். மாலு மீன், எலவலு மரக்கறி, பித்தர முட்டை, குக்குள் மஸ் கோழி இறைச்சி, கீயத என்றால் எவ்வளவு. இளம் பையன்களை மல்லி என்று கூப்பிடலாம். கொழும்புக் கடைக்காரர்களில் பலருக்கு ஓரளவு தமிழ் விளங்கும், தயங்காமல் கதையுங்கள்.

ஒரே கடையில் ஆறு பண்டம் வாங்கி வயிற்றை நிரப்பிவிட வேண்டாம். ஒரு கடையில் ஒன்று, அதிகம் போனால் இரண்டு. மீன் பணிஸை அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஒரே பின்னேரத்தில் அடுத்தடுத்த மூன்று நாலு கடைகளில் அதையே வாங்கி, ஆளுக்குப் பாதி பிரித்துச் சாப்பிடுங்கள். நடுவில் ஒரு பிளேன்ரீ குடித்தால் நாக்கு சுத்தமாகும். மாறி மாறி வேறு வேறு பண்டம் சாப்பிட்டால் கடைகளை ஒப்பிட முடியாது, அன்றைய பசியைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

படி 7: சைவக்காரர் கவனிக்க வேண்டியது

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் விரத நாளில் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு மனம் வருந்தியவர்கள் பலர். சீனிச்சம்பல் பணிஸ் பார்வைக்குச் சைவம். ஆனால் சீனிச்சம்பலில் வழக்கமாக மாசிக் கருவாடு சேர்ப்பார்கள், வெங்காயத்தோடு கரைந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. "மாசி போட்டதா?" என்று கேட்டே வாங்குங்கள். பணிஸ்களின் மேல் பளபளப்புக்கு முட்டை பூசுவது வழக்கம். மரக்கறி ரோல்ஸிலும் ரஸ்க் தூள் ஒட்டுவதற்கு முட்டையில் தோய்த்திருக்கலாம். மீன் கட்லட் பொரித்த எண்ணெயிலேயே மரக்கறிக் கட்லட்டும் பொரிப்பார்கள்.

முட்டை பரவாயில்லை, மாமிசம் மட்டும் கூடாது என்பவர்கள் கேட்டு விசாரித்து எந்தப் பேக்கரியிலும் சாப்பிடலாம். சுத்த சைவம் என்றால் பேக்கரியை விட்டுவிட்டு வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்துச் சைவக் கடைகளுக்குப் போங்கள். உளுந்து வடையும் மரக்கறி ரொட்டியும் இனிப்பு வகைகளும் அங்கே பின்னேரம் சூடாகக் கிடைக்கும். கந்தசஷ்டி நாட்களில் அந்தக் கடைகளில் கூட்டம் அலைமோதும், நேரத்தோடு போங்கள்.

ஹலால் பார்ப்பவர்கள் கோழி, இறைச்சிப் பண்டங்களை முஸ்லிம் கடைகளில் வாங்குவது நிம்மதி. சில பழைய பேக்கரிகளிலும் கஃபேகளிலும் பன்றி இறைச்சிச் சொசேஜ், பேகன் போட்ட பண்டங்களும் உண்டு.

படி 8: சூன் பாண் வண்டியைத் தவறவிடாதீர்கள்

மெட்டு ஒன்றை ஒலிபெருக்கியில் இசைத்துக்கொண்டு ஓட்டோ ஒன்று தெருவுக்குள் வந்தால் அது சூன் பாண். பின்புறம் கண்ணாடிப் பெட்டி கட்டி, பாணும் பணிஸும் கேக்கும் அடுக்கியிருக்கும். காலி வீதியில் நின்றால் காணமாட்டீர்கள், உள் ஒழுங்கைகளில்தான் வரும். காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை என்று ஏறக்குறைய ஒரே நேரத்துக்கு வருவதால், முதல் நாள் கேட்ட மெட்டை நினைவில் வைத்து மறுநாள் வாசலில் நிற்கலாம். கிம்புலா பணிஸை இதில்தான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி. சில்லறைக் காசு கையில் இருக்கட்டும்.

படி 9: ஊருக்கு வாங்கிப்போவது

ரோல்ஸையும் பற்றிஸையும் பயணத்துக்குக் கட்டாதீர்கள். யாழ்தேவி ரயிலில் ஏறியபின் பாதி வழியில் சாப்பிட என்றால் மீன் பணிஸும் வேண்டாம், ரீ பணிஸோ கிம்புலாவோ வாங்குங்கள். வெயிலில் கெடாது.

பரிசாகக் கொண்டுபோக லவ் கேக்கை மிஞ்ச ஒன்றுமில்லை. ரவை, கஜு (முந்திரி), முட்டை மஞ்சள் கரு, தேன், ரோஸ் எசன்ஸ், புகுல் தோசி எனப்படும் சீனிப்பாகில் காய்ச்சிய நீற்றுப்பூசணி எல்லாம் சேர்ந்த கேக். மேலே மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே ஈரமும் பிசுபிசுப்புமாக இருக்க வேண்டும். துண்டை விரலால் அழுத்தினால் உதிராமல் அமுங்கினால் நல்லது. கஜு பல்லில் அகப்பட வேண்டும், மாவாக அரைத்துப் போட்டால் பாதி ருசி போய்விடும். சீனி அதிகம் என்பதால் பல நாட்கள் கெடாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இறுகிவிடும், காற்றுப் புகாத டின்னில் வெளியே வைத்தாலே போதும்.

பட்டர் கேக் வாங்கும்போது முகர்ந்து பாருங்கள், பட்டரா மாஜரினா என்று மூக்கே சொல்லிவிடும். விமானத்தில் கொண்டுபோவதானால் ஐசிங், கிறீம் உள்ளவற்றைத் தவிர்த்து, துண்டு துண்டாகத் தாளில் சுற்றிய கேக்காக வாங்கிப் பொதிக்குள் வையுங்கள்.

டிசம்பரில் வருகிறவர்களுக்கு: நத்தார் ரிச் கேக், லவ் கேக், புரூடர் மூன்றையும் நவம்பர் முடிவதற்குள் சொல்லி வைத்துவிடுங்கள். நல்ல கடைகளிலும், வீட்டில் செய்து விற்கும் பறங்கியக் குடும்பங்களிடமும் நத்தாருக்கு முந்திய வாரம் புதிதாக எடுக்கமாட்டார்கள். முற்பணம் கட்டிய துண்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கப் போகும் நாளில் பின்னேரம் வரிசை நீளும் என்பதால் காலை ஒன்பது மணிக்கே போய்விடுவது நல்லது.